அம்மாவின் அட்டாளையில் இருந்த பணப்பலகை யாருக்குச் சொந்தம்?

முல்லைத்தீவு மாவட்டத்தின் பழைய குடியேற்றத் திட்டக் கிராமமொன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அப்பா முன்னரே இறந்துவிட்டார். அம்மா காலமாகி ஒரு வருடம். பிள்ளைகள் மூன்று பேர்: மூத்தவர் கனடாவில், நடுவில் இவர், கடைக்குட்டித் தம்பி ஊரில் அதே வளவில். காணி அரசின் அனுமதிப்பத்திரக் காணி, ஊர்வழக்கில் பெமிற் காணி. அதற்குப் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பின் காணிக்கு உரியவராக, தம்பியின் பெயரை அம்மா உயிரோடு இருக்கும்போதே பதிந்து வைத்துவிட்டார். ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு பழைய மண் குசினியை இடித்துப் புதிதாகக் கட்டத் தம்பி இறங்கியிருக்கிறார்.

அடுப்புக்கு மேலே இருந்த அட்டாளையைப் பிரித்தபோது புகையில் கறுத்த பலகை ஒன்று வந்தது. ஒன்றரைச் சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஒரு பக்கத்தில் கைபிடி. மேற்பரப்பு முழுக்க வரிசை வரிசையாகச் சிறு குழிகள். ஒரு குழிக்குள் ஒரு மிளகு அளவாக உட்காருகிறதாம். பத்து வரிசை, வரிசைக்கு இருபது குழி. "சின்ன வயதில் இதற்குள் குன்றிமணி போட்டு விளையாடியிருக்கிறோம். ஏதோ பலகார அச்சு என்றுதான் அம்மா சொல்லுவா" என்று எழுதுகிறார். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் கதவு இல்லை, யன்னல் நிலை இல்லை, கூரைத் தகரம் இல்லை. கிடுகு வேய்ந்த குசினி பாதி சரிந்து நின்றது. அதற்குள் இந்தப் பலகை இருந்த இடத்திலேயே இருந்ததாம். நிலையைப் பெயர்த்துக்கொண்டு போனவர்களுக்கும் இது விறகாகக்கூடத் தெரியவில்லை போலும்.

அட்டாளையின் வளைமரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சீலை முடிச்சும் செருகியிருந்தது. அவிழ்த்தால் பருப்பளவு வெள்ளித் துண்டுகள் பதினொன்று, மரம் போட்ட செப்புக் காசு நான்கு, ராசா தலை போட்ட வெள்ளி ரூபா மூன்று. கூலிக்கு வந்த பொடியன் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டான். மூன்றாம் நாள் வான் ஒன்றில் ஒரு வியாபாரி வந்து இறங்கினார். "இது பழைய காலத்தில் காசு எண்ணுகிற பலகை" என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் சேர்த்து 35,000 ரூபா பேசி, தம்பியின் கையில் 10,000 ரூபா முற்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "காணி என்ரை பேரிலை, அப்ப அதுக்குள்ளை கிடக்கிறதும் என்ரைதான்" என்பது தம்பியின் கட்சி. "விற்கவேண்டாம், அடுத்த மாதம் என்ரை சிநேகிதன் வாறான், அவனிட்டைக் குடுத்துவிடு" என்பது அண்ணாவின் கட்சி. அயலவர்கள் இரண்டு பிரிவு. சுவருக்குள்ளேயே இவ்வளவு என்றால் நிலத்துக்குள் எவ்வளவு இருக்கும், தோண்டிப் பாருங்கோ என்று ஒரு பிரிவு. பொலிஸ் வரப்போகுது, கொண்டுபோய்க் குளத்துக்குள் போடுங்கோ என்று மற்றப் பிரிவு.

சகோதரி, குளத்துக்குள் போடாமல் எனக்கு எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி.

சட்டத்துக்குப் போகுமுன் உங்கள் கையில் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பழங்காசு சேர்ப்பது எனக்கு முப்பது வருடப் பைத்தியம் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரி அந்த ஒன்றைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதன் பெயர் பணப்பலகை. சக்கரப் பலகை என்றும் சொல்வார்கள். 'பணம்' என்பது இன்றைக்கு நமக்குப் பொதுச்சொல்; முன்பு அது ஒரு காசின் பெயர். இன்றைய கேரளத்தின் தென்பகுதியில் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். சக்கரம் என்பது அரைக் கிராம்கூட நிறையில்லாத வெள்ளித் துண்டு. விரலால் எண்ணப் போனால் நகத்துக்குள் போய்விடும். ஆயிரம் சக்கரத்தை எண்ணிக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையின் பாட்டை நினைத்துப் பாருங்கள். அதற்குத்தான் இந்தப் பலகை. ஒரு பிடி காசை மேலே கொட்டி, கைபிடியைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும். மிஞ்சியதைப் புறங்கையால் வழித்துவிட்டால் பலகையில் இருப்பது சரியாக இருநூறு. உங்கள் முடிச்சில் இருக்கும் பருப்பளவு வெள்ளி ஒன்றை எடுத்து ஒரு குழிக்குள் வைத்துப் பாருங்கள். அளவாக உட்கார்ந்தால் பலகையும் காசும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

திருவிதாங்கூர்க் காசு எண்ணும் பலகை முல்லைத்தீவுக் காட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அப்பப்பா அறுபதுகளில் வடமராட்சியிலிருந்து காணி கிடைத்து வந்தவர், அவருடைய பாட்டன் "புகையிலை ஏத்தினவர்" என்று. யாழ்ப்பாணப் புகையிலைக்கு 19ஆம் நூற்றாண்டில் பெரிய சந்தை திருவிதாங்கூர்தான். அங்கே புகையிலை அரசின் தனியுரிமைச் சரக்கு. இங்கிருந்து தோணியில் சிப்பம் போனது, அங்கிருந்து காசு வந்தது. உங்கள் பலகைக்கும் அந்தப் பாட்டனுக்கும் தொடர்பு உண்டா என்பதை உங்கள் குடும்பம்தான் சொல்லவேண்டும். பலகார அச்சு என்று அம்மா சொன்னதை வைத்து அவரைக் குறைவாக நினைக்காதீர்கள். சக்கரம் புழக்கத்தில் இல்லாத வீட்டில் அந்தக் குழிகளை வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

செப்புக் காசில் இருப்பது பனை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மவர் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், நமக்குத் தெரிந்த மரம் அதுதானே. அது தாளிப்பனை. 1870 என்ற ஆண்டு போட்ட அந்தக் காசு, இலங்கை ரூபாவுக்கும் சதத்துக்கும் மாறியபோது அடித்த வரிசையைச் சேர்ந்தது. 1872இல் அந்த முறை நடைமுறைக்கு வந்தது. விக்டோரியா மகாராணியின் தலை மறுபக்கத்தில் இருக்கும். வெள்ளி ரூபா மூன்றும் பிரித்தானிய இந்திய ரூபாவாக இருந்தால் ஒவ்வொன்றும் 11.66 கிராம், ஆண்டு 1939 வரை என்றால் அதில் 91.7 வீதம் வெள்ளி. 1940 தொடக்கம் வந்த வெள்ளி ரூபாவில் பாதிதான். 1939 என்றே போட்டிருந்தால் சந்தோசப்பட முன்னர் சந்தேகப்படுங்கள். அந்த ஆண்டு ரூபா அரிது, அதனாலேயே போலியும் அதிகம்.

இனி உங்கள் கேள்விகள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தப் பொருள் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? யாருக்குச் சொந்தம், அரசாங்கம் தலையிடுமா, என்ன விலை பெறும், எல்லாமே அந்தப் பதிலில் தொங்குகின்றன.

காணி வேறு, வீட்டுச் சாமான் வேறு

உங்கள் தம்பியின் நினைப்பு வன்னியில் நான் கிழமைக்கு ஒருதரம் கேட்கிற நினைப்பு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. குடியேற்றக் காணி சிறு துண்டுகளாகச் சிதறக்கூடாது என்பது அதன் நோக்கம். அதனால் காணி ஒருவர் கைக்குப் போகிற மாதிரி பின்னுரித்து வைத்தார்கள். பெயர் குறிப்பிடாமல் உரிமையாளர் இறந்தால் மகன்மாருக்கு முதலிடம் கொடுத்த பட்டியலை 2022இல்தான் திருத்தி ஆண் பெண் வேறுபாட்டை எடுத்தார்கள். உங்கள் வீட்டில் அம்மா பெயர் குறிப்பிட்டுவிட்டதால் அந்தப் பட்டியல் தேவைப்படாது. காணி தம்பிக்குத்தான். அதில் நீங்கள் சண்டை பிடிக்க இடமில்லை. பிடிக்கவும் இல்லை என்பதைக் கடிதத்தில் கண்டேன்.

ஆனால் அந்தச் சட்டம் பேசுவது காணியைப் பற்றி மட்டும். அம்மாவின் தோடு, அலுமாரி, மாடு, அட்டாளைப் பலகை எதுவும் பெமிற்றுக்குள் வராது. அம்மா விருப்பாவணம் எழுதவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அசையும் சொத்து பிள்ளைகள் மூவருக்கும் சமம். வடமராட்சிப் பூர்வீகம் என்பதால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் இது முதுசமா (வழிவழி வந்ததா) தேடியதேட்டமா (மணவாழ்வில் தேடியதா) என்று யாராவது வாதம் தொடங்கினால், அந்த வாதத்துக்குக் கொடுக்கிற பீஸுக்கு இரண்டு பணப்பலகை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு என்பதால் அண்ணாவும் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது, நீங்களும் "அம்மாவைக் கடைசிவரை பார்த்தது நான்தானே" என்று வைத்திருக்க முடியாது. அந்தக் கடைசி வரியை நீங்கள் எழுதியே இருக்கிறீர்கள். நியாயம் விளங்குகிறது, ஆனால் சட்டத்தில் அதற்குக் கணக்கில்லை.

அரசாங்கம் எடுத்துவிடுமா

தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், 1998இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. அதன்படி தொல்பொருள் என்பதற்கு ஒரு திகதி வைத்திருக்கிறார்கள்: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்த நாளுக்கு முந்தியது, அல்லது முந்தியது என்று நம்பப்படுவது, இலங்கையில் இருக்கிற அல்லது கண்டெடுக்கப்படுகிற காசு, ஆபரணம், கலைப்பொருள் எல்லாம் அதற்குள் வரும். இந்தியாவில் செய்த பலகைதானே என்ற வாதம் இங்கே நிற்காது. செய்த இடத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை, இருக்கிற இடத்தைத்தான் கேட்கிறது.

உங்கள் செப்புக் காசும் வெள்ளி ரூபாவும் இந்த எல்லைக்கு வெளியே, ஆண்டு காசிலேயே எழுதியிருக்கிறது. பலகையும் சக்கரமும்தான் யோசிக்க வேண்டியவை. இந்தப் பலகைகள் 19ஆம் நூற்றாண்டு முழுக்கப் புழக்கத்தில் இருந்தவை. மரத்தைப் பார்த்து 1810ஆ 1850ஆ என்று நானும் சொல்ல முடியாது, வான்காரரும் சொல்ல முடியாது. 'நம்பப்படுவது' என்ற சொல் சட்டத்தில் இருப்பதால், பேசாமல் இருப்பதைவிட எழுதிக் கேட்டுவிடுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

பயப்படுகிற இடம் வேறு. இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். தன் காணியில் கிடைத்தது என்ற ஒரே காரணத்தால் அது காணிக்காரருக்குச் சொந்தமாகாது. 1887ஆம் ஆண்டுப் புதையல் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. அதன் பார்வை உரியவர் தெரியாமல் மறைந்து கிடக்கிற பொருள்மேல்தான். தலைமுறையாக ஒரு குடும்பத்தின் கையில் இருந்து, அட்டாளையில் கிடந்து, பிள்ளைகள் குன்றிமணி போட்டு விளையாடிய பலகை அந்த வகையல்ல. உங்கள் அம்மாவின் சீலைக் கிழிசலில் முடிந்து செருகியிருந்த காசுக்கும் உரியவர் தெரியும். ஆகவே "கண்டெடுத்தோம்", "புதையல்" என்ற சொற்களை வாயிலிருந்தும் வட்ஸ்அப்பிலிருந்தும் முதலில் எடுத்துவிடுங்கள். அந்தப் பொடியன் படத்துக்கு மேலே "புதையல் கிடைச்சிருக்கு" என்று எழுதியிருக்கிறான் என்கிறீர்களே, அதை இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். திரைப்பிடியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கேள்வி வந்தால் எந்தத் திகதியில் என்ன நடந்தது என்று காட்ட உதவும்.

செய்யவேண்டியது இது. பலகையை இரண்டு பக்கமும், குழிகளைக் கிட்டவும், காசு ஒவ்வொன்றையும் முகமும் பின்னுமாக, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். வீட்டில் எங்கே, எப்போது, யார் முன்னால் எடுக்கப்பட்டது, யாருடைய கையில் எவ்வளவு காலம் இருந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி, தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி போதும். பொருளைக் கொண்டுபோய் யாரிடமும் கொடுக்கத் தேவையில்லை. பார்க்க வந்தால் வீட்டில் வைத்தே காட்டுங்கள். எடுத்துக்கொண்டு போவதென்றால் பொருள், எண்ணிக்கை, நிறை, திகதி, கையெழுத்து எல்லாம் உள்ள எழுத்துமூலப் பற்றுச்சீட்டு இல்லாமல் கையை விடாதீர்கள்.

அண்ணாவின் சிநேகிதனுடைய பெட்டி

இதற்குப் பதில் சுருக்கம்: கொடுத்துவிடாதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டமும் ஏற்றுமதிக்கு அனுமதி கேட்கிறது. கட்டுநாயக்கவில் பெட்டி திறபட்டால் பொருள் பறிபோகும். அதைவிட, சம்பந்தமே இல்லாத அந்தச் சிநேகிதன் மாட்டிக்கொள்வார். உள்ளுக்கு என்ன என்று தெரியாமல் "ஊறுகாய்ப் போத்தல்" என்று வாங்கிக்கொண்டு போகிறவர்தான் எப்போதும் மாட்டுகிறவர்.

அண்ணாவுக்கு ஆசை இருப்பதில் பிழையில்லை. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட ஊரிலிருந்து ஒரு பொருள் வேண்டும் என்று அவர் எழுதியதை நீங்கள் அப்படியே அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கும் தொண்டையில் ஏதோ அடைத்தது. தொல்பொருளியல் திணைக்களம் இது தொல்பொருள் அல்ல என்று எழுத்தில் தந்தால், ஏற்றுமதி அனுமதிக்கு முறையாக விண்ணப்பித்து அனுப்பலாம். கடிதம், பதில், விண்ணப்பம் என்று மாதக்கணக்கில் இழுபடும். பலகை எங்கும் ஓடாது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

தோண்டாதீர்கள்

உங்கள் அயலவர்களில் இதைச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்து பேசி முடித்துவிடுங்கள். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குச் சொந்தக் காணியிலும் அனுமதி வேண்டும். இரவில் மண்வெட்டியோடும் பூசைச் சாமானோடும் பிடிபட்டு நீதிமன்றக் கூண்டில் நிற்கிறவர்களை நான் வருடாவருடம் பார்க்கிறேன். பெரும்பாலானோர் கெட்டவர்கள் அல்லர், கடனாளிகள். புலிகள் தாட்ட தங்கம் என்று நீதிமன்ற அனுமதியோடு, பொலிஸும் அதிகாரிகளும் சுற்றி நிற்க, இயந்திரம் வைத்துத் தோண்டியவர்களே வெறுங்கையோடு திரும்பிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அதைவிடப் பெரிய காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2009இல் உங்கள் வளவுக்குள் யார் யார் இருந்தார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கண்ணிவெடி அகற்றியாகிவிட்டது என்று சான்று கொடுத்த காணியிலும் அத்திவாரம் வெட்டும்போது எறிகணை தட்டுப்படுகிறது. குசினி அத்திவாரம் வெட்டுகிற வேலையாட்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: துருப்பிடித்த எதுவும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு விலகி 119க்கு எடுக்கவேண்டும். பழங்காசுச் சட்டி தட்டுப்பட்டாலும் அதேதான். அப்போது அது உண்மையிலேயே அறிவிக்கவேண்டிய கண்டுபிடிப்பு. மாந்தையிலும் பூநகரியிலும் பழங்காசுகள் வந்த மண் இது, அப்படி நடக்காது என்று சொல்லமாட்டேன்.

வான்காரரின் பத்தாயிரம்

மூவருக்கும் பொதுவான பொருளில் தன் பங்குக்கு மேலே ஒருவர் விற்க முடியாது. தனக்கில்லாத உரிமையைத் தம்பி விற்கவில்லை, விற்கலாம் என்று நினைத்து முற்பணம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அவரோடு கோபப்பட இது நேரமல்ல. கூரைத் தகரம் வாங்க அந்தக் காசு தேவைப்பட்டது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்களும் அண்ணாவும் சேர்ந்து அந்தப் பத்தாயிரத்தைத் தம்பியிடம் கொடுத்து, அவர் கையாலேயே திருப்பிக் கொடுக்க வையுங்கள். வங்கிக் கணக்குக்குப் போட்டால் நல்லது. கையில் என்றால் கிராம அலுவலரையோ சமாதான நீதவானையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, "முற்பணம் திரும்பப் பெற்றேன், பலகையிலும் காசிலும் எனக்கு உரித்தில்லை" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "வாங்கின காசு வாங்கினதுதான், சாமானைத் தா" என்று அவர் வெருட்டினால், பழம்பொருள் வியாபாரத்துக்கு அவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு வான் இரண்டாம் முறை வருவதில்லை.

35,000 நல்ல விலையா என்று கேட்டிருக்கிறீர்கள். விலை சொல்லமாட்டேன், ஏனென்றால் பலகையின் விலை மரத்தில் இல்லை. பழசு மாதிரிப் புகைபோட்டு, எண்ணெய் பூசி, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற புதுப் பணப்பலகைகள் ஏராளம். படத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். கைபட்டுத் தேய்ந்த கைபிடி, ஒரு பக்கம் அதிகம் தேய்ந்த விளிம்பு, குழிக்குள் கறுத்துப் படிந்த அழுக்கு இவையெல்லாம் ஓரளவு சொல்லும். மிச்சத்தைச் சொல்வது அது யாருடைய கையில் இருந்தது என்ற கதை. கதை எழுத்தில் இருக்கிற பலகைக்கும் கதையில்லாத பலகைக்கும் சந்தையிலும் வேறு வேறு விலை, அருங்காட்சியகத்திலும் வேறு வேறு மதிப்பு. உங்களைப் போன்ற ஒரு குடும்பத்திடம் முன்பு ஒருவர் வாங்கிப்போன செப்புத் தராசு ஒன்றை, "யாழ்ப்பாணத்துச் செட்டியார் வீட்டுச் சாமான்" என்று அவர் சொந்தமாகக் கட்டிய கதையோடு பிறகு கொழும்பில் கண்டேன். கதையை நாம் எழுதாவிட்டால் விற்கிறவர் எழுதிக்கொள்வார்.

அதுவரைக்கும் பராமரிப்பு. பிரசோ வேண்டாம், புளி வேண்டாம், சாம்பல் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். கறுத்த வெள்ளி கறுத்தபடியே இருக்கட்டும். மினுக்கிய காசைச் சேகரிப்பாளர் ஒருவரும் திரும்பிப் பாரார். பலகையை மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுங்கள், வார்னிஷ் பூசாதீர்கள். அடுப்புக்கு மேலே விதைச் சோளம் கட்டித் தொங்கவிடுகிற அதே காரணத்தால்தான் இந்த மரத்தைக் கறையான் தொடவில்லை. இப்போது புகையை விட்டு வெளியே வந்துவிட்டது, ஆகவே நிலத்தில் வைக்காதீர்கள். மார்கழி மழைக்குப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்திச் சீலையில் சுற்றி அலுமாரி மேல்தட்டில் வையுங்கள். காசுகளை ஒவ்வொன்றாகக் கடதாசியில் மடித்து, எண் போட்டு, அந்த எண்ணுக்கு எதிரே நிறையும் ஆண்டும் எழுதுங்கள்.

யார் வைத்திருப்பது? மூவரும் ஒப்புக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள்: பொருள் பொது, இப்போதைக்கு இன்னார் பொறுப்பு, மூவரின் சம்மதமில்லாமல் விற்பதோ கொடுப்பதோ இல்லை. கோவில் திருவிழாவுக்கு உபயம் முறை வைக்கிற மாதிரி வருடத்துக்கு ஒரு வீடு என்றும் வைக்கலாம். திணைக்களத்தின் பதில் வந்த பிறகு, வவுனியாவிலோ நல்லூரிலோ உள்ள தொல்பொருளியல் அருங்காட்சியகத்துக்குக் குடும்பப் பெயரில் கொடுப்பதும் ஒரு வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றோர் வடபகுதிப் பழங்காசுகளை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்குள்ள தொல்லியல் துறைக்கு அந்தப் படங்களை அனுப்பினால் சக்கரத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். என்னைக் கேட்டால் விற்பதைக் கடைசியில் வைப்பேன். ஆனால் கூரைத் தகரத்துக்குக் காசு தேவைப்படுகிற வீட்டில் இருந்துகொண்டு நான் இதைச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். விற்பதென்று மூவரும் முடிவெடுத்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முறையாக, பதில் வந்த பிறகு, அனுமதியுள்ளவரிடம், மூன்று பங்காகப் பிரித்து விற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் அவசரம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அப்பாவின் தம்பி ஒருவர் எண்பத்தொரு வயதில் பரந்தன் பக்கம் இருக்கிறார், இப்போது ஆளைத்தான் சட்டென்று அடையாளம் தெரிவதில்லை, பழைய கதை எல்லாம் தெளிவாகச் சொல்லுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தைக் காட்டாமல் பலகையையே மடியில் வையுங்கள், பையில் ஒரு பிடி குன்றிமணி இருக்கட்டும். "இது என்ன சித்தப்பா" என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்களைச் சந்தோசப்படுத்த ஏதாவது சொல்லுவார். குன்றிமணியை மேலே கொட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். கைபிடியைப் பிடித்து ஆட்டுகிறாரா, மிஞ்சியதைப் புறங்கையால் வழிக்கிறாரா என்று பாருங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை முதலே போட்டுவிடுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, ஒரு சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியாக முடித்தால், திணைக்களத்துக்கான கடிதத்தோடு இணைக்க அதைவிட நல்ல ஆவணம் இருக்காது. வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.